நேப்பிள்ஸ் நாட்குறிப்பு: உருகிப்போன வெண்கலங்களைத் தேடி

ஞாயிறு

இத்தாலியின் நேப்பிள்ஸுக்கு வருகிறவர்களில் பலர் ஊருக்குள் ஒரு பீட்சா சாப்பிட்டுவிட்டு நேராக, எரிமலையில் புதைந்த பொம்பெய்க்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். பொம்பெய் பார்க்க வேண்டிய ஊர்தான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சுவர்களும் தெருக்களும். அந்தச் சுவர்களில் இருந்த ஓவியம், தரையில் சிறு கற்களைப் பதித்து ஆக்கிய மொசைக் படம், தோட்டத்தில் நின்ற சிலை என்று நல்லதில் பெரும்பகுதி இங்கே, நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. அக்காவும் நானும் இந்தப் பயணத்தைப் போட்டதே இந்த ஒரு கட்டடத்துக்காகத்தான். அக்கா பள்ளியில் ஓவிய ஆசிரியை. நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்வேன், அவள் கண்ணால் பார்த்ததைச் சொல்வாள்.

மெட்ரோவில் 'மூசேயோ' நிலையத்தில் இறங்கினால் எதிரே நிற்கிறது சிவப்புக் கட்டடம். 16ஆம் நூற்றாண்டில் குதிரைப்படைக்காகக் கட்டத் தொடங்கி, 1616 முதல் பல்கலைக்கழகமாக இருந்து, பிறகு அருங்காட்சியகமானது. தரைத்தளம் முழுக்கப் பளிங்குச் சிலைகள். ரோமில் போப் மூன்றாம் பால் குடும்பத்தார், அதாவது ஃபார்னேசே வம்சத்தார், சேர்த்து வைத்தவை. அந்த வம்சத்தின் கடைசி வாரிசு எலிசபெத்தா ஸ்பெயின் அரசியானார். அவர் மகன் சார்லஸ் நேப்பிள்ஸ் மன்னரானார், பேரன் நான்காம் ஃபெர்டினாண்ட் 1787இல் தொடங்கி எல்லாவற்றையும் ரோமிலிருந்து இங்கே கொண்டுவந்துவிட்டார்.

முதலில் ஹெர்க்குலீஸ். ரோமில் கரகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகளில் 1546இல் கிடைத்தது. மூன்று மீட்டருக்கு மேல் உயரம். பன்னிரண்டு வேலைகளையும் முடித்தவன் என்று கதை சொல்லும் அந்த வீரன், கதாயுதத்தை அக்குளுக்குக் கீழே முட்டுக்கொடுத்து, தலையைக் கவிழ்த்து நிற்கிறான். அத்தனை தசையும் களைத்துப்போயிருக்கிறது. முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள், பின்னால் சுற்றிப் போங்கள். முதுகுக்குப் பின்னால் மறைந்த வலது கையில் ஆப்பிள்கள். உலகின் மேற்குக் கோடியிலிருந்து அவன் கொண்டுவந்த பொன் ஆப்பிள்கள் அவை. வேலை முடிந்தது, கூலி கையில் இருக்கிறது, ஆனால் அவனுக்கு அதைப் பார்க்கக்கூடத் தெம்பில்லை.

கதாயுதத்துக்குக் கீழே பாறையில் கிரேக்க எழுத்தில் ஒரு வரி: 'ஏதென்ஸைச் சேர்ந்த கிளைக்கோன் செய்தான்'. கிளைக்கோன் இதைச் செதுக்கியது கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆனால் இந்த நிலையைக் கற்பனை செய்தவர் லிசிப்போஸ் என்பது அறிஞர்களின் முடிவு. அவர் காலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டு, அலெக்ஸாண்டரின் அவைச் சிற்பி. அவர் செய்தது வெண்கலத்தில். 1500 சிலைகள் செய்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அவற்றில் ஒன்றுகூட, இது அவர் கையால் ஆனதுதான் என்று உறுதியாகச் சொல்லும்படி நமக்கு மிஞ்சவில்லை. வெண்கலம் உருக்கினால் காசாகும், பானையாகும், ஆயுதமாகும். அப்படித்தான் போயின. இந்தப் பதிவுகளில் நான் தேடப்போவது அந்த இழப்பைத்தான்.

இந்தச் சிலையின் கால்களுக்குத் தனிக் கதை உண்டு. கண்டெடுத்தபோது முழங்காலுக்குக் கீழே இல்லை. அக்காலச் சிற்பி குல்யெல்மோ டெல்லா போர்ட்டா புதிதாகச் செய்து பொருத்தினார். பிறகு பழைய கால்களே கிடைத்தன. ஆனாலும் புதியதே இருக்கட்டும், இக்காலச் சிற்பியும் பழையவருக்குச் சளைத்தவரல்லர் என்பது தெரியட்டும் என்று மைக்கேலாஞ்சலோ சொன்னதாகச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பழைய கால்கள் உடலோடு சேர்ந்தன.

பக்கத்தில் 'ஃபார்னேசே காளை'. பழங்காலத்திலிருந்து கிடைத்தவற்றுள் மிகப் பெரிய சிலைத் தொகுதி. கூட்டம் அங்கேதான் நிற்கிறது. எனக்கு ஒட்டவில்லை. 16ஆம் நூற்றாண்டில் செதுக்கிச் சேர்த்தது அதில் ஏராளம், எது பழையது என்று தேடியே கண் களைத்துவிடுகிறது.

கிரேக்கச் சிற்பி பொலிக்ளைட்டோஸின் ஈட்டிக்காரன் முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். பொம்பெய்யில் 1797இல் கிடைத்த பளிங்குப் பிரதி, மூலம் வெண்கலம். உடலின் பாரம் வலது காலில், இடது கால் பின்தங்கி, இடது கை மடங்கி, வலது கை தளர்ந்து. இழுபடும் உறுப்பும் ஓய்ந்த உறுப்பும் குறுக்காக மாறி மாறி வருகின்றன. கிரேக்கச் சிற்பம் பற்றிய எந்த நூலிலும் முதலில் வரும் உருவம் இது. அக்கா பார்த்தது வேறொன்றை.

"இங்க பாருடா, இடுப்புலேர்ந்து மணிக்கட்டுக்கு ஒரு கட்டை போகுது. காலுக்குப் பின்னாடி மரம் வேற. ஈட்டி புடிச்சு நிக்கிறவனுக்கு எதுக்கு மரம்?"

அங்கேதான் விஷயமே இருக்கிறது. வெண்கலச் சிலை உள்ளே கூடு, கனம் குறைவு, உலோகம் இழுவிசையைத் தாங்கும். கணுக்கால் மெல்லியதாக இருந்தாலும் நிற்கும், கை காற்றில் நீண்டாலும் ஒடியாது. பளிங்கு அப்படியில்லை. அத்தனை பாரத்தையும் இரண்டு கணுக்காலில் ஏற்றினால் முறிந்துவிடும். அதனால் வெண்கலத்தைப் பளிங்கில் எடுத்த ரோமானியக் காலச் சிற்பி காலோடு ஒரு அடிமரத்தைச் சேர்த்தான், கைக்கு ஒரு முட்டுக் கொடுத்தான். பொலிக்ளைட்டோஸின் வெண்கலத்தில் இந்த மரம் இருந்திருக்கத் தேவையில்லை. அதை மனத்துக்குள் வெட்டி எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தோம். உருவம் சட்டென்று இளைத்து, நடக்கத் தொடங்கிவிடுகிறது.

திங்கள்

இன்று முழுக்க மேல்தளம், ஹெர்க்குலேனியம் ஊரின் பாப்பிரஸ் மாளிகையில் கிடைத்த வெண்கலங்கள்.

ஹெர்க்குலேனியம் பொம்பெய்யைப் போலச் சாம்பலில் மட்டும் புதைந்த ஊரல்ல. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையிலிருந்து பாய்ந்து வந்த சூடான பொருள் அந்த ஊரை மூடிப் பாறையாக இறுகிவிட்டது. 1750இல் கிணறு வெட்டும்போது ஊருக்கு வெளியே ஒரு மாளிகை தட்டுப்பட்டது. கார்ல் வெபர் என்ற சுவிஸ் பொறியாளர் அந்தப் பாறைக்குள் சுரங்கம் குடைந்து, விளக்கு வெளிச்சத்தில் மாளிகையின் வரைபடத்தையே போட்டுவிட்டார். கருகிய பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள் கிடைத்ததால் மாளிகைக்கு அந்தப் பெயர். கூடவே கிடைத்தன வெண்கலச் சிலைகள், டஜன் கணக்கில். உலகம் முழுவதும் வெண்கலம் உலைக்குப் போன நூற்றாண்டுகளில் இவை யார் கைக்கும் எட்டாமல் பாறைக்கு அடியில் கிடந்தன. அந்த எரிமலை ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அதே எரிமலைதான் இவற்றைக் காத்தது. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இந்தக் கூடத்தில் நிற்க முடியவில்லை.

இரண்டு இளைஞர்கள். ஓடத் தொடங்கும் கணம். உடல் முன்னால் சாய்ந்திருக்கிறது, ஒரு கால் ஊன்றியிருக்கிறது, மற்றதன் குதிகால் எழும்பிவிட்டது. மரமில்லை, முட்டில்லை. நேற்றுப் பார்த்த பளிங்கிலிருந்து நாங்கள் மனத்தில் வெட்டி எடுத்ததை இங்கே உலோகமே காட்டிவிட்டது.

அப்புறம் கண். பளிங்குச் சிலைகளின் வெறுமையான விழியைப் பார்த்துப் பார்த்து, கிரேக்கச் சிலை என்றாலே குருட்டுப் பார்வை என்று நாம் பழகிப்போயிருக்கிறோம். இந்த ஓட்டக்காரர்களுக்கு வெள்ளை விழியும் கருமணியும் தனியே செய்து பதித்திருக்கின்றன. எதிரில் போய் நின்றால் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். அதே மாளிகையின் ஐந்து பெண் சிலைகள், 'நடனப் பெண்கள்' என்று பழைய பெயர், வரிசையாக நிற்கின்றன. ஒருத்தி தோளில் ஆடையைப் பொருத்திக்கொண்டிருக்கிறாள். அவர்களுக்கும் அதே பதித்த கண்கள். கறுத்த முகத்தில் அந்த வெள்ளை விழி முதலில் பயமுறுத்துகிறது. வெண்கலம் புதிதாக இருந்தபோது முகம் கறுப்பல்ல, வெயிலில் காய்ந்த மேனியின் நிறம். அதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் பயம் போய்விடும்.

பாறைமேல் அமர்ந்திருக்கும் ஹெர்மீஸைக் கீழே குனிந்து பாருங்கள். தேவர்களின் தூதுவனான அவன் காலில் இறக்கை கட்டிய செருப்பு. வாரை இணைக்கும் பூ வடிவக் கொக்கி உள்ளங்காலுக்கு அடியில் இருக்கிறது. அதோடு யாராலும் நடக்க முடியாது, ஒவ்வொரு அடிக்கும் குத்தும். பறப்பவனுக்கு மட்டுமே ஆகிற செருப்பு அது. யாரும் பார்க்காத இடத்தில், பாதத்துக்கு அடியில், ஒரு சிற்பி இதை யோசித்துச் செய்திருக்கிறான்.

இங்கேயே ஈட்டிக்காரனின் தலை மட்டும் வெண்கலத்தில் இருக்கிறது. 'ஆர்க்கியாஸின் மகன், ஏதென்ஸ்காரன் அப்பொல்லோனியோஸ் செய்தான்' என்று பெயர் பொறித்தது. இதுவும் பிரதிதான், ஆனால் மூலம் எந்த உலோகமோ அதே உலோகத்தில். முடியைப் பார்த்தாலே போதும். பளிங்கில் வழுவழுவென்று கிடந்த முடி இங்கே கொத்துக்கொத்தாக, ஒவ்வொரு இழையும் தனியாகக் கீறித் தெரிகிறது. அக்கா அதை மட்டும் வரைந்துகொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். காவலர் வந்து எட்டிப் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்

செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. திட்டமிடுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் மோன்தெசாந்தோ நிலையத்தில் குமானா ரயில் ஏறி, லுக்ரினோவில் இறங்கி, பஸ் பிடித்து பாயா போனோம். ரோமானியச் செல்வர்களின் கடற்கரை ஊர் அது. நிலம் மெல்ல மெல்ல இறங்கியதில் பழைய ஊரின் ஒரு பகுதி இப்போது கடலுக்கு அடியில். மேட்டில் ஒரு கோட்டை, அதற்குள் ஒரு அருங்காட்சியகம். நாங்கள் போன நேரத்தில் உள்ளே எங்களையும் சேர்த்து நாலைந்து பேர்தான் இருந்தார்கள்.

இங்கே வந்தது உடைந்த பிளாஸ்டர் துண்டுகளைப் பார்க்க. ஆமாம், அதற்காகவேதான்.

1954இல் பாயாவின் பழைய குளியல் மண்டபப் பகுதியில், ஓர் அடித்தளத்தில், நூற்றுக்கணக்கான பிளாஸ்டர் துண்டுகள் கிடைத்தன. விரல், மடிப்புத் துணி, கன்னம், பாதம். ரோமானியக் காலத்துச் சிற்பப் பட்டறை ஒன்று வைத்திருந்த வார்ப்புகள். யாரோ கிரேக்கத்துக்குப் போய், அங்கே நின்ற வெண்கலச் சிலைகள்மேலேயே அச்சு எடுத்து, அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். அதைப் பார்த்து அளவெடுத்துப் பளிங்கில் செதுக்கினார்கள். நாம் 'ரோமானியப் பிரதி' என்று ஒரே சொல்லில் கடந்துபோகிற வேலைக்குப் பின்னால் இருந்த பொருள் இது. ஏதென்ஸ் சந்தையில் நின்ற ஹெர்மீஸ் சிலையின் மேல் அச்சு எடுப்பவர்கள் தினமும் கீல் பூசுகிறார்கள் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் லூசியன் எழுதியது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல என்பது இந்தத் துண்டுகளைப் பார்த்தால் புரிகிறது.

ஒரு துண்டு: ஒரு கண்ணும் கன்னமும் சேர்ந்த முகப் பகுதி. அரிஸ்டோகைட்டோனின் முகம் இது. கி.மு. 514இல் ஏதென்ஸின் கொடுங்கோலன் ஹிப்பியாஸின் தம்பி ஹிப்பார்க்கஸைக் குத்திக் கொன்ற இருவரில் மூத்தவன். அந்த இருவருக்கும் ஊர் வைத்த முதல் சிலைகளைப் பாரசீக மன்னன் செர்க்சீஸ் கி.மு. 480இல் தூக்கிக்கொண்டு போய்விட, கிரிட்டியோஸும் நெசியோட்டஸும் சேர்ந்து கி.மு. 477 வாக்கில் புதிய வெண்கலங்கள் செய்தார்கள். அந்த வெண்கலமும் இன்று இல்லை. ஆனால் அதன் மேல் ஒட்டி எடுத்த அச்சின் பிள்ளை எங்கள் முன்னால் கண்ணாடிக்குள் இருந்தது. இமையைக் கவனியுங்கள். வெண்கலத்தில் இமை மயிர் மெல்லிய உலோகத் தகட்டில் வெட்டிப் பொருத்தியிருக்கும். அச்சு எடுக்கும்போது அது சேதமாகாமல் இருக்க மேலே எதையோ அப்பி மூடியிருக்கிறார்கள். அந்த மூடலின் தடிப்பு பிளாஸ்டரிலும் விழுந்திருக்கிறது. தொலைந்துபோன கிரேக்க வெண்கலத்துக்கு இதைவிட நெருக்கமாகப் போக முடியாது என்று நினைக்கிறேன். அழகான பொருளென்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் உயர்ந்தது இதுதான்.

இதே கோட்டையில் மிசேனம் ஊரிலிருந்து வந்த வெண்கலக் குதிரை வீரன். ரோமானியப் பேரரசன் டொமிஷியனுக்குச் செய்தது. கி.பி. 96இல் அவன் கொல்லப்பட்டு, அவன் பெயரையே அழிக்க உத்தரவானதும், ஊர்க்காரர்கள் முகத்தை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, அடுத்து வந்த நெர்வாவின் முகத்தைப் பொருத்திவிட்டார்கள். பின்தலையும் முடியும் டொமிஷியனுடையது, முகம் நெர்வாவுடையது. அந்த இணைப்பைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

புதன்

காலையில் முதல் வேலையாக நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தின் பளிங்கு அரிஸ்டோகைட்டோனையும் அவன் இளம் தோழன் ஹார்மோடியோஸையும் மறுபடி பார்த்தோம். ஞாயிறன்று வேகமாகத் தாண்டிப் போனது. பாயாவின் பிளாஸ்டர் கண்ணைப் பார்த்துவிட்டு வந்தபின் வேறு ஆளாகத் தெரிகிறான். ஒரு கையில் மேலாடையைக் கேடயம்போல நீட்டி முன்னே பாய்கிறான். இங்கே உள்ள உடலில் பழைய தலை இல்லை, இருப்பது ரோமில் உள்ள இன்னொரு பிரதியின் தலையிலிருந்து எடுத்த வார்ப்பு.

மீதிப் பொழுது அலெக்ஸாண்டர் மொசைக்குக்கு.

பொம்பெய்யில் 'ஃபான் வீடு' என்ற பெரிய வீட்டின் தரையில் 1831இல் கிடைத்தது. நாங்கள் பார்த்தபோது சுவரில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள், வீட்டில் 2005இல் ஒரு நகலைப் பதித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட கி.மு. 100ஐ ஒட்டிய வேலை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு கற்கள், பலவும் அரிசி மணியைவிடச் சற்றே பெரியவை. கிரேக்கர்கள் சிற்பத்தைவிட ஓவியத்தைத்தான் உயர்வாகப் பேசினார்கள். ஸியூக்ஸிஸ், அப்பெல்லிஸ் என்று பெயர்கள் இருக்கின்றன, அவர்கள் பலகையில் தீட்டிய ஒன்றுகூட இல்லை. இந்தத் தரை ஏதோ ஒரு பெரிய கிரேக்க ஓவியத்தின் பிரதி என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய வேறுபாடில்லை. அதனால் இது வெறும் தரை அலங்காரமல்ல, அழிந்துபோன ஒரு கலைக்குத் திறந்திருக்கும் ஜன்னல்.

இடப்பக்கம் பெரிதாகச் சிதைந்திருக்கிறது. தலைக்கவசமில்லாத அலெக்ஸாண்டர், மார்புக் கவசத்தில் பாம்பு முடி கொண்ட மெடூசாவின் முகம், நீண்ட ஈட்டியால் ஒரு பாரசீகனை ஊடுருவிக் குத்துகிறான். வலப்பக்கம் தேரில் பாரசீக மன்னன் டேரியஸ். சாரதி சாட்டையை ஓங்கிவிட்டான், தேர் திரும்பிவிட்டது. ஆனால் டேரியஸ் ஓடும் திசையைப் பார்க்கவில்லை. குத்துப்பட்ட தன் ஆளை நோக்கிக் கையை நீட்டியிருக்கிறான். போரில் வென்றவன் யார் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் படத்தின் இதயம் தோற்றவனின் அந்தக் கையில் இருக்கிறது. இதைத் தீட்டியவன் வென்றவன் பக்கத்து ஓவியன் என்பதை எண்ணும்போது அவன்மேல் மதிப்பு கூடுகிறது.

அக்கா வண்ணத்தைச் சொன்னாள். "நீலமே இல்ல பாரேன். வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு, அவ்வளவுதான்." நாலே குடும்ப வண்ணத்தில் ஓவியம் தீட்டிய மேதைகள் இருந்தார்கள் என்று பிளினியும் சொல்கிறார். நடுவில் ஒரு குதிரை நமக்குப் பின்புறத்தைக் காட்டி உள்நோக்கி நிற்கிறது. அதன் தொடையின் திரட்சியை மஞ்சளுக்கும் பழுப்புக்கும் இடையே ஏறி இறங்கும் கற்களாலேயே உருட்டிக் காட்டியிருக்கிறான்.

கீழே, தேர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில், விழுந்த ஒரு பாரசீகன். எதிரே சாய்ந்த கேடயத்தின் பளபளப்பில் அவன் முகம் எதிரொளிக்கிறது. நசுங்கப்போகிறவன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கழுத்தை வளைத்து அரைமணி நேரமாவது அதையே பார்த்திருப்போம்.

வியாழன்

சுவரோவியங்கள். அறை அறையாகப் போகிறது, எல்லாவற்றையும் எழுத முடியாது. வெசுவியஸ் புதைத்த இன்னொரு ஊரான ஸ்டாபியேயிலிருந்து வந்த 'ஃப்ளோரா' மட்டும். ஒரு முழ நீளம்கூட இல்லை, 38 செ.மீ. உயரம். பச்சைப் பின்னணியில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி வெறுங்காலோடு நடந்துபோகிறாள், போகிற போக்கில் ஒரு பூவைக் கிள்ளுகிறாள். படம் முழுக்க நாலைந்து தூரிகை வீச்சில் முடிந்ததுபோல இருக்கிறது. 1759இல் நேப்பிள்ஸை ஆண்ட போர்போன் வம்ச மன்னரின் ஆட்கள் வில்லா அரியானா என்ற மாளிகையின் படுக்கையறைச் சுவரிலிருந்து இதை வெட்டி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான்: நடுவில் உள்ள படத்தை மட்டும் அறுத்து எடுத்துச் சட்டம் போடுவது, சுற்றியிருந்த சுவரை விட்டுவிடுவது, வேண்டாம் என்று தோன்றிய சிலவற்றைக் கொத்திவிடுவதும் உண்டு. இவள் எந்தச் சுவரில், எந்தப் பக்கம் பார்த்து நடந்தாள் என்பதை இங்கே நின்று உணர வழியில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

பொம்பெய்யில் 1760இல் கிடைத்த வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் சிறு சிலையையும் தேடிப் பாருங்கள். பளிங்கில் வண்ணத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. வெள்ளைப் பளிங்கின் அழகை ஐரோப்பாவுக்கே போதித்தவர் என்று பெயரெடுத்த கலை வரலாற்றாசிரியர் விங்கல்மன், இதன் வண்ணத்தைப் பார்த்து எழுதிவைத்தார். பார்த்தும், அடுத்த இருநூறு ஆண்டுகள் வெள்ளையே அழகென்று ஊர் பேசியது.

கடைசியாக 'ரகசிய அறை'. நீண்ட காலம் பொதுமக்களுக்கு மூடிவைத்திருந்த ஆபாசப் பொருள் அறை, 2000இல்தான் முறையாகத் திறந்தார்கள். நாங்கள் பார்த்தபோது அதற்குள்தான் இருந்தது பொம்பெய்யின் இந்தியத் தந்தச் சிலை. 1938இல் தொல்லியலாளர் அமெதேயோ மையூரி தோண்டி எடுத்தது. சுமார் 24 செ.மீ. உயரம். காலில் கனத்த தண்டை, கையில் அடுக்கடுக்கான வளையல், இருபுறமும் இரண்டு குட்டித் தோழிகள். லட்சுமி என்று முதலில் பெயர் வைத்தார்கள், யட்சி என்று இப்போது பலர் சொல்கிறார்கள். தலை உச்சியில் ஒரு துளை இருப்பதால் ஏதோ ஒரு சாமானின் தாங்கலாகவோ கைப்பிடியாகவோ இருந்திருக்கலாம். பீடத்தில், வடமேற்கு இந்தியாவின் பழைய எழுத்து முறையான கரோஷ்டியில் ஓர் எழுத்து. இதேபோன்ற உருவங்கள் மகாராஷ்டிரத்தின் தேர், போகர்தன் ஊர்களில் கிடைத்திருக்கின்றன. ஆகவே தமிழ்நாட்டுச் சிலை என்று நாம் சொந்தம் கொண்டாட இடமில்லை. நம் பக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போனது மிளகு. ஆபாச அறையில் இவளை நிறுத்தியிருப்பது பொருத்தமே இல்லை. நம் ஊர்க் கோயில் தூணில் நிற்கும் பெண்ணுக்கு உள்ள அதே இயல்பான மேனிதான் இவளுக்கும். தந்த வேலையின் நுணுக்கத்தோடு, கடல் கடந்து வந்த பொருள்களுக்கு நடுவே வைக்க வேண்டியவள்.

வெள்ளி

நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் ஒன்றே கால் மணி நேரம் போல, பேஸ்டம். கிரேக்கர்கள் இத்தாலியில் குடியேறி அமைத்த ஊர், அப்போது பொசெய்டோனியா என்று பெயர். மூன்று பெரிய கோயில்கள் கூரையின்றி நிற்கின்றன. அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் எதிரே இருந்த அருங்காட்சியகத்துக்குப் போனோம். இத்தனை நாளும் பிரதிகளின் வழியே கிரேக்கர்களைத் தேடிவிட்டு, அவர்கள் காலத்துத் தூரிகையையே ஒருமுறை பார்க்காமல் ஊர் திரும்ப மனமில்லை.

'முக்குளிப்பவனின் கல்லறை' 1968இல் ஊருக்குத் தெற்கே ஒரு சிறு இடுகாட்டில் கிடைத்தது. கி.மு. 480க்கும் 470க்கும் இடைப்பட்டது. ஐந்து கற்பலகைகள், பெட்டிபோலச் சேர்த்தவை, உட்புறம் முழுக்க ஓவியம். நான்கு பக்கமும் விருந்து: சாய்ந்து படுத்து மது அருந்தும் ஆண்கள், யாழ், குழல். ஒருவன் கிண்ணத்தின் அடியில் மிஞ்சிய மதுவைச் சுண்டியெறிந்து விளையாடும் கொட்டபோஸ் ஆட்டத்துக்குக் கையை மடக்கித் தயாராக இருக்கிறான். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பி அவனைப் பார்க்கிறார்கள். மூடியில், மேடையிலிருந்து குதித்துத் தண்ணீரை நோக்கி வரும் இளைஞன்.

அக்கா கோட்டைப் பார்த்தாள். முதலில் ஈரச் சாந்தில் கூர்முனையால் கீறிவிட்டு, அப்புறம் வண்ணம் தொட்டிருக்கிறான். சில இடத்தில் கீறலும் வண்ணமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, கடைசி நேரத்தில் மனம் மாறியிருக்கிறான். ஏதென்ஸ் மேதைகளின் தரத்துக்கு இது வராது. உள்ளூர்க் கை, கொஞ்சம் அவசரமும் தெரிகிறது. ஆனால் அலெக்ஸாண்டர் மொசைக்கில் எத்தனை தேடினாலும் கிடைக்காத ஒன்று இங்கே இருக்கிறது: யோசித்தவனும் தீட்டியவனும் ஒரே ஆள். ஓவியம் உள்பக்கம் பார்த்திருக்க, இறந்தவனை உள்ளே வைத்துப் பலகையை மூடிவிட்டார்கள். அச்சு எடுக்க வந்த எவன் கண்ணிலும் படாமல், 1968 வரை அப்படியே மண்ணுக்குள் இருந்திருக்கிறது.